ஓர் ஆற்றங்கரை வாக்குவாதம்



வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி நாம் வெளியிட்ட புத்தர் கட்டுரைகளுக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றுதான்: இந்து மதமும் பௌத்தமும் ஒன்றா, வேறா? கேட்டவர்களில் பலர் பதிலையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். புத்தர் திருமாலின் அவதாரம், பௌத்தம் இந்து மதத்தின் ஒரு கிளை, இதில் பேச என்ன இருக்கிறது என்பது ஒரு தரப்பு. புத்தர் வேதத்தை அடியோடு மறுத்தவர், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதே தவறு என்பது மறு தரப்பு. இரண்டும் யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்தும் பதில்கள். எனக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. எனவே இந்த மாதம் ஆசிரியர் பக்கம் சற்று நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்வி எங்கும் போய்ச் சேராது. ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு பேசுவோம். பீகாரில் நிரஞ்சனா என்று ஓர் ஆறு. ஊர்க்காரர்களுக்கு அது லீலாஜன். தெற்கிலிருந்து வந்து புத்தகயாவை ஒட்டி ஓடுகிறது. ஊரைக் கடந்ததும் மோகனா ஆறு வந்து கலக்க, பெயர் ஃபல்கு என்று மாறுகிறது. புத்தகயாவிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் அதே ஆறு கயா நகரின் விஷ்ணுபாதக் கோயில் படித்துறையைத் தொடுகிறது. மேல்கரையில் ஓர் அரசமரத்தடியில் சித்தார்த்தர் புத்தரானார் என்று உலகெங்குமிருந்து பௌத்தர்கள் வருகிறார்கள். கீழே, அதே ஆற்றின் மணலில், முன்னோருக்குப் பிண்டம் வைக்க இந்துக்கள் வருகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அடிப்படையில் ஒரே கவலை. இறந்தபின் என்ன ஆகிறது? போவது யார்?

கயாவை நமக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காசி யாத்திரை போய்வந்த பெரியவர்கள் இருந்த வீடுகளில் "கயாவில் ஒரு காய், ஒரு கனி, ஓர் இலையை விட்டுவிட்டு வந்தேன்" என்ற பேச்சு உண்டு. பெரும்பாலோர் விட்டது தங்களுக்குப் பிடிக்காத காயைத்தான் என்பது வேறு கதை. ஃபல்குவில் ஆண்டின் பெரும்பகுதி நீர் மேலே தெரியாது. மணலைத் தோண்டினால்தான் ஊறும். சீதை சபித்ததால் அப்படி ஆனது என்று தலபுராணம். இன்று நாம் பார்க்கும் விஷ்ணுபாதக் கோயில் 1787-இல் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பியது. ஆனால் சடங்கின் வேர் கோயிலைவிட மிக மிகப் பழையது.

அந்த வேரைத் தேடினால் ரிக் வேதத்துக்குப் போக வேண்டும். பத்து மண்டலங்கள், 1028 பாடல்கள். ஏறத்தாழ கி.மு. 1500 முதல் 1000 வரை, பஞ்சாப் ஆறுகளை ஒட்டிய நிலத்தில் உருவானவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. அதற்கு முன்பே சிந்துவெளி நகரங்கள் எழுந்து அடங்கியிருந்தன. மொகஞ்சதாரோவில் கிடைத்த, கொம்பு சூடி அமர்ந்திருக்கும் உருவம் பொறித்த முத்திரையைத் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் பசுபதி என்றார். அந்த எழுத்தைப் படிக்க முடியாதவரை அது ஓர் ஊகம்தான்; அதன்மேல் கோயில் கட்ட வேண்டாம்.

வேதப் பாடல்களின் உலகத்தில் கோயில் இல்லை, சிலை இல்லை. நடுவில் இருப்பது தீ. மனிதர் தருவதைத் தேவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அக்னி. இந்திரனிடம் வெற்றியும் மழையும் கேட்கிறார்கள். நூறாண்டு வாழ்வும் மக்களும் மாடுகளும் கேட்கிறார்கள். இறந்தவர் யமனின் உலகில் முன்னோரோடு சேர்ந்துகொள்கிறார். மறுபிறவி பற்றிய தெளிவான பேச்சு அங்கே இல்லை. பிள்ளை உணவும் நீரும் தந்தால் தந்தை அங்கே பசியாறுவார். கயாவின் பிண்டம் இந்த உலகத்திலிருந்து வருவது. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்: பத்தாம் மண்டலத்தில் படைப்பு பற்றிய ஒரு பாடல், இதெல்லாம் எப்படி வந்தது என்பது மேலிருந்து பார்ப்பவனுக்காவது தெரியுமா, ஒருவேளை அவனுக்கும் தெரியாதா என்ற கேள்வியோடு முடிகிறது. சந்தேகத்தைப் புனித நூலுக்குள்ளேயே வைத்த மரபு இது. பின்னால் வரப்போகும் சண்டைக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நூற்றாண்டுகள் கழித்து வேத மரபு கிழக்கே கங்கைச் சமவெளிக்கு நகர்ந்தபோது கேள்வி மாறியது. மிதிலையை ஆண்ட ஜனகரின் அவை. பிருகதாரண்யக உபநிடதம் காட்டும் காட்சி. யாக்ஞவல்கியரைச் சுற்றி நின்று அறிஞர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் கார்க்கி என்ற பெண். ஆர்த்தபாகர் என்பவர் கேட்கிறார்: மனிதன் இறந்தால் பேச்சு தீயில் கலக்கிறது, மூச்சு காற்றில், கண் சூரியனில், அப்போது அந்த மனிதன் எங்கே? யாக்ஞவல்கியர் சபையில் பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போகிறார். அவர்கள் இருவரும் பேசியது கர்மத்தைப் பற்றி என்கிறது நூல். நல்லது செய்தவன் நல்லவனாகிறான், தீயது செய்தவன் தீயவனாகிறான். இன்று டீக்கடையில்கூட "எல்லாம் கர்மா" என்று சொல்லிவிடுகிறோம்; ஒரு காலத்தில் அது சபைக்கு நடுவே சொல்லத் தயங்கிய புதுக் கருத்து.

சாந்தோக்கிய உபநிடதத்தில் இன்னும் வியப்பான இடம் உண்டு. பிரவாகண ஜைவலி என்ற அரசன், உத்தாலகர் என்ற அந்தண அறிஞருக்கு இறப்புக்குப் பிந்தைய இரண்டு வழிகளைக் கற்பிக்கிறான். இந்த அறிவு இதற்கு முன் அந்தணரிடம் போனதில்லை என்றும் சொல்லிவிடுகிறான். அறிந்தவர் திரும்பி வராத வழியில் போகிறார். வேள்வியும் தானமும் மட்டும் செய்தவர் புகை வழியே சந்திரனுக்குப் போய், மழையாய் இறங்கி, பயிராகி, உணவாகி, மறுபடி பிறக்கிறார். பழைய முன்னோர் உலகம் இப்போது நிரந்தர வீடு அல்ல, தங்கிப் போகும் சத்திரம்.

அந்த உத்தாலகரே பிறகு தன் மகன் சுவேதகேதுவுக்கு ஆலம் பழத்தைப் பிளக்கச் சொல்லி, விதையையும் பிளக்கச் சொல்லி, உள்ளே என்ன தெரிகிறது என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறான் மகன். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்மையிலிருந்துதான் இத்தனை பெரிய மரம் நிற்கிறது, நீயும் அதுவே என்கிறார் தந்தை. இந்து சமயச் சிந்தனையின் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்து கிளைவிடுகிறது. உடம்பு மாறும், மனம் மாறும். உள்ளே மாறாத ஆன்மா ஒன்று உண்டு. அது வினைக்கேற்பப் பிறவி எடுக்கும். தன்னை உள்ளபடி அறிந்தால் விடுபடும். அந்த ஆன்மாவும் உலகின் மூலமான பிரம்மமும் ஒன்றேயா, வேறா, வேறாக இருந்தும் பிரியாததா என்று சங்கரர், மத்துவர், இராமானுசர் வழிவந்தோரிடையே பெரும் விவாதம் நடந்தது. நம் சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று தனிக் கணக்கு வைத்தது. ஆன்மா உண்டா என்பதில் மட்டும் இவர்களுக்குள் சண்டையில்லை. ஒரே நிறுவனர் இல்லை, ஒரே நூல் இல்லை, ஒரே கடவுள் வடிவம்கூட இல்லை. இருந்தும் இந்தக் குடும்பத்தை இழுத்துக் கட்டும் கயிறுகளில் இது மிக உறுதியான ஒன்று.

கயாவின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. அப்பா வேறெங்கோ பிறந்துவிட்டார் என்றால் இங்கே வைக்கும் பிண்டத்தைச் சாப்பிடுவது யார்? இதைக் கேட்டால் வீட்டில் திட்டு விழும். ஆனால் தர்மசாத்திரக்காரர்கள் இதைக் கேட்டுத்தான் இருக்கிறார்கள். தந்தை வசு வடிவம், தாத்தா ருத்ர வடிவம், கொள்ளுத்தாத்தா ஆதித்ய வடிவம். அந்தத் தேவர்கள் நாம் தருவதை வாங்கி, முன்னோர் எந்தப் பிறவியில் இருந்தாலும் அங்கே அவருக்குத் தகுந்த உணவாக மாற்றிச் சேர்ப்பார்கள் என்பது பதில். தர்ப்பணத்தில் ஐயர் சொல்லச் சொல்ல நாம் வசு, ருத்ர, ஆதித்ய என்று சொல்வது இதைத்தான். பழைய நம்பிக்கையைத் தூக்கி எறியாமல் புதியதை அதன்மேல் அடுக்கிக்கொள்வது இந்து மரபின் வழக்கம். குழப்பம் என்று இதைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது பெருங்குடும்பத்தின் நியாயமாகத் தெரிகிறது. பாட்டியையும் விடமுடியாது, பேரனையும் விடமுடியாது.

இனி மேல்கரை. கி.மு. ஆறு, ஐந்தாம் நூற்றாண்டுகளில் மகதம் கொதித்துக்கொண்டிருந்த நாடு. அங்கும் அண்டை நாடுகளிலும் இராசகிருகம், சிராவஸ்தி, வைசாலி என்று நகரங்கள் எழுந்தன. நெல் விளைந்தது, இரும்பு பரவியது, முத்திரை குத்திய வெள்ளிக் காசு புழங்கத் தொடங்கியது. வீட்டைவிட்டு வெளியேறிய சிரமணர்கள் ஊர் ஊராய்த் திரிந்து வேதச் சடங்கை மறுத்துப் பேசினார்கள். மகாவீரர் அவர்களில் ஒருவர். எல்லாம் ஊழின்படி என்ற மற்கலி கோசாலர் இன்னொருவர். அவருடையதுதான் நாம் ஆசீவகம் என்று அறிந்த நெறி. இறந்தால் மண்ணோடு மண், பிண்டமும் இல்லை, தானப் பலனும் இல்லை என்ற அசித கேசகம்பலர் மற்றொருவர். புத்தரை இந்தக் கூட்டத்துக்கு நடுவே வைத்துப் பார்க்க வேண்டும். தனியாக வானத்திலிருந்து குதித்தவர் அல்ல அவர்.

அவர் கதை உங்களுக்குத் தெரியும். கவிமணியின் 'ஆசிய ஜோதி' படித்த தலைமுறை நம்முடையது. லும்பினியில் பிறப்பு, 29 வயதில் துறவு, 35 வயதில் ஞானம், 80 வயதில் குசிநகரத்தில் மறைவு. ஆண்டுக் கணக்கில்தான் தகராறு. தேரவாத நாடுகள் மறைவை கி.மு. 544 என்கின்றன, ஆய்வாளர் பலர் அதை கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்கோ அதற்கும் சற்றுப் பின்னரோ இறக்குகிறார்கள். பிறந்த இடத்தில் ஐயமில்லை. அசோகர் பட்டமேற்ற இருபதாம் ஆண்டில் லும்பினிக்கு வந்து, புத்தர் பிறந்த ஊர் என்பதற்காக வரியைத் தள்ளி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு போதும் என்று தூணில் வெட்டியது 1896-இல் கண்டெடுக்கப்பட்டது.

ஞானம் பெற்ற பின் புத்தர் காசிக்கு அருகே சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்கு முதலில் உபதேசம் செய்தார். வாழ்வில் துன்பம் உண்டு. அதற்குக் காரணம் வேட்கை. வேட்கை நீங்கினால் துன்பம் நீங்கும். நீங்கும் வழி எட்டு உறுப்புகள் கொண்ட நடுவழி. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அடுத்து அவர் செய்தது பாடப்புத்தகத்தில் இல்லை. அவர் நிரஞ்சனாக் கரைக்கே திரும்பி வந்தார்.

அங்கே உருவேலா காசியபர் என்ற சடைமுடி முனிவர் ஐந்நூறு சீடர்களோடு தீ வளர்த்து வழிபட்டு வந்தார். ஆற்றின் கீழே அவர் தம்பி நதி காசியபர், முந்நூறு பேரோடு. இன்னும் கீழே கடைசித் தம்பி கயா காசியபர், இருநூறு பேரோடு. புத்தர் மூத்தவரின் ஆசிரமத்தில் தங்கி, பேசி, அவர் மனத்தை மாற்றினார். மூத்தவரும் சீடர்களும் சடையைச் சிரைத்து, அதையும் வேள்விக் கருவிகளையும் ஆற்றில் விட்டார்கள். கீழே இருந்த நதி காசியபர் ஆற்றில் மயிரும் அகப்பையும் மிதந்து வருவதைப் பார்த்துப் பதறிப்போனார், அண்ணனுக்கு என்ன ஆபத்தோ என்று. ஓடி வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். கடைசித் தம்பியும் அப்படியே. பிறகு ஆயிரம் பேரையும் அழைத்துக்கொண்டு புத்தர் கயாசீச மலையில் ஏறினார். இன்று கயா நகரில் பிரம்மயோனி என்று காட்டுகிற மலை அது.

அங்கே அவர் பேசியது தீயைப் பற்றி. நேற்றுவரை மூன்று தீயை அணையாமல் காத்தவர்களிடம், கண் எரிகிறது, காது எரிகிறது, நாக்கும் மனமும் எரிகின்றன, ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீயால் எரிகின்றன என்றார். இல்லற அந்தணர் காக்க வேண்டிய வேள்வித் தீ மூன்று என்பதையும் இந்த மூன்றையும் சேர்த்துக் காட்டியவர் ஆக்ஸ்போர்டு அறிஞர் ரிச்சர்டு கோம்பிரிச். எதிராளியின் உலகத்தை உள்ளிருந்து அறிந்தவரால்தான் இப்படிப் பேச முடியும். வேத மரபு தெரியாதவருக்கு அந்த உரையின் பாதி கூர்மை விளங்காது. புத்தர் வேறு உலகத்து மனிதர் என்பவர்களுக்கு என் பதில் இந்த மலை. டி. எஸ். எலியட் 1922-இல் வெளியிட்ட நெடுங்கவிதையின் மூன்றாம் பகுதிக்கு இந்தத் தீ உரையின் பெயரை வைத்தார். ஐந்தாம் பகுதியின் தலைப்பை பிருகதாரண்யகத்தின் இடிமுழக்கக் கதையிலிருந்து எடுத்தார். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஒரு வங்கி ஊழியருக்கு இரண்டும் ஒன்றாகவே தேவைப்பட்டன.

கிளை என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கர்மம், மறுபிறவி, விடுதலை என்று எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட புத்தர், உத்தாலகர் விதைக்குள் காட்டிய அந்த ஒன்றை மட்டும் இல்லை என்றார். மனிதனைப் பிரித்துப் பார்த்தால் உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்துதான் கிடைக்கும். ஐந்தும் கணந்தோறும் மாறுபவை. மாறாத ஆறாவது எங்கே? அப்படியானால் மறுபடி பிறப்பது யார்? கிரேக்க மன்னன் மிலிந்தன் நாகசேன பிக்குவிடம் கேட்டது இதைத்தான். நாகசேனர் அவன் வந்த தேரைக் காட்டி, சக்கரமா தேர், அச்சா தேர், நுகத்தடியா தேர் என்று கேட்டு, உறுப்புகளின் சேர்க்கைக்கு நாம் வைத்த பேர்தான் அது என்று ஒப்புக்கொள்ள வைத்தார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் இங்கிருந்து அங்கே தாவிய பொருள் எது என்றும் கேட்டார். தீ தொடர்கிறது, போனவர் யாரும் இல்லை.

இது சாதாரண வேறுபாடு அல்ல. வீட்டின் நடுத்தூணையே எடுத்துவிட்டு, கூரை நிற்கும் பாருங்கள் என்று சொல்வது. ஆகவே சண்டை மூண்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்தது. நேற்றைக் கண்டவனும் இன்று நினைப்பவனும் ஒருவனே இல்லையென்றால் நினைவு எப்படி வரும் என்று நியாய தரிசனத்தார் கேட்டார்கள். நிலையானது என்றால் அது எதையும் செய்ய முடியாது, செய்தால் மாறிவிடும் என்று பௌத்தர் மடக்கினார்கள். பௌத்த தருக்கத்தின் தலைமகன் திங்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. அவருக்குப் பின்வந்த பௌத்தர்களுக்கு மறுப்பாக 'ஆத்ம தத்துவ விவேகம்' எழுதிய உதயனர் மிதிலைக்காரர். ஜனகர் சபை கூடிய அதே மண். சங்கரர் பௌத்தரை முழுமூச்சாக எதிர்த்தார். அவரையே அவரது எதிரிகள் மறைமுகப் பௌத்தர் என்று ஏசினார்கள். நீண்ட நாள் மல்லுக்கு நின்றவர்களிடம் எதிராளியின் சாயல் ஒட்டிக்கொள்வது இயல்புதானே.

இந்த வாக்குவாதத்தின் சுவையை மொழிபெயர்ப்பு இல்லாமல் அனுபவிக்க நமக்கு ஒரு நூல் இருக்கிறது. 'மணிமேகலை'யில் நாயகி வஞ்சிக்குப் போய்ப் பத்துச் சமயவாதிகளிடம் தனித்தனியே கொள்கை கேட்கிறாள். வேதவாதி, சைவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி, பூதவாதி என்று வரிசை நீள்கிறது. எல்லோரையும் கேட்ட பிறகுதான் அறவண அடிகளிடம் பௌத்தம் பயில்கிறாள். மனிதனைப் பிரித்துக் காட்ட மேலே சொன்ன உருவம் முதலான ஐந்து தமிழ்ப் பெயர்களும் அந்த நூலில் உள்ளவைதான். கடைசிக் காதைகள் கதையாக ஓடாது, தருக்கமாக முட்டும். அதனால் பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள்.

பிண்டம் சேருமா என்ற நம் கேள்வியையும் புத்தரிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜானுசோணி என்ற அந்தணர். நாங்கள் சிராத்தம் கொடுக்கிறோம், அது இறந்த உறவினரைச் சேருமா? அசிதரைப் போல எல்லாம் வீண் என்று புத்தர் சொல்லவில்லை. தேவராகவோ மனிதராகவோ விலங்காகவோ பிறந்துவிட்டவருக்குச் சேராது, பசித்த ஆவியாக இருப்பவருக்குச் சேரும் என்றார். குறிப்பிட்ட உறவினர் அங்கே இல்லையென்றால் வேறு உறவினர் எவராவது இருப்பார். எப்படியும் கொடுத்தவருக்குப் பலன் உண்டு என்றார். ஆன்மாவை மறுத்தவர், பிள்ளையின் கையைத் தட்டிவிடவில்லை.

அதன் விளைவை இலங்கையில் இன்றும் பார்க்கலாம். சிங்களப் பௌத்தர் வீட்டு இறுதிச் சடங்கில் பிக்குகள் ஓதும்போது, உறவினர் ஒரு குடத்தைச் சேர்ந்து பிடித்துக் கிண்ணத்தில் நீர் வார்ப்பார்கள். கிண்ணம் நிரம்பி வழியும். அந்த நீர் வழிவதுபோல இங்கே செய்த நன்மை இறந்தவரைச் சேரட்டும் என்று பொருள். ஏழாம் நாள், மூன்றாம் மாதம், ஓராண்டு என்று தானம் கொடுப்பார்கள். எள்ளும் நீரும் விடுகிற நமக்கு இது அந்நியமாகவா தோன்றும்? அங்கே விஷ்ணுவுக்கும் பத்தினித் தெய்வத்துக்கும் பௌத்தர்கள் கும்பிடு போடுகிறார்கள். கதிர்காமத்தில் இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் நிற்கிறது. ஜப்பானுக்குப் போன சரஸ்வதி அங்கே பென்சைத்தேன். கம்போடியாவின் அங்கோர்வாட் பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருமாலுக்காக எழுந்து, பின்னர் பௌத்தத் தலமானது.

கொடுக்கல் வாங்கல் இவ்வளவு இருந்தும் "எல்லாம் ஒன்றுதான்" என்று நான் எழுத மறுப்பதற்குக் காரணம் உண்டு. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே நான்கு வருணங்களும் ஒரே புருஷனின் நான்கு உறுப்புகளிலிருந்து பிறந்ததாக ஒரு பாடல் இருக்கிறது. புத்தரோ, பிறப்பால் ஒருவன் அந்தணன் ஆவதில்லை என்றார். நாவிதரான உபாலியைச் சங்கத்தில் சேர்த்தார். சங்க ஒழுக்க விதிகளில் தலைசிறந்தவர் என்று பெயரெடுத்தவர் அந்த உபாலி. இது தத்துவ நுணுக்கம் அல்ல, தெருவில் நடந்துபோகிறவன் உணரும் வேறுபாடு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவித் திரும்பிச் சென்னையில் சங்கம் அமைத்ததும், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியதும் இந்த வேறுபாட்டுக்காகத்தான். (உ.வே.சா. 'மணிமேகலை'யை அச்சில் கொண்டுவந்ததும் அதே 1898.) 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியபோது எடுத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்தரைத் திருமாலின் அவதாரம் என்று ஏற்கமாட்டேன் என்பது. அவதாரப் பட்டியலில் சேர்ப்பது மரியாதை என்று நினைக்கிற நண்பர்கள், அந்த மரியாதையை வேண்டாம் என்றவர்களின் காரணத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

புத்தகயாவிலேயே இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. பௌத்தம் அப்பகுதியில் மங்கிய பின் மகாபோதி கோயில் ஒரு சைவ மடத்தின் மகந்துகள், அதாவது மடாதிபதிகள், கையில் இருந்தது. 1891-இல் அங்கே வந்த இலங்கையின் அநகாரிக தர்மபாலர், கோயிலைப் பௌத்தருக்கு மீட்க மகாபோதி சங்கத்தைத் தொடங்கிப் பல ஆண்டு வழக்காடினார். 1949-இல் பீகார் சட்டம் நான்கு இந்துக்கள், நான்கு பௌத்தர்கள், மாவட்ட ஆட்சியர் தலைவர் என்று ஒரு குழு அமைத்தது. தலைவரும் இந்துவாக இருக்க வேண்டும் என்ற விதி 2013-இல்தான் நீங்கியது. முழுப் பொறுப்பும் தங்களுக்கே வேண்டும் என்று 2025-இல் பிக்குகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். என் கருத்தைக் கேட்டால், பௌத்தர்களின் தலையாய தலத்தைப் பௌத்தர்கள் நிர்வகிப்பதில் இந்துக்கள் இழப்பது ஒன்றுமில்லை.

இதே பகுதியில் இன்னொரு சாட்சியும் உண்டு. கயாவுக்கு வடக்கே, இன்று ஜெகனாபாத் மாவட்டத்தில் பராபர் குன்றுகள் இருக்கின்றன. கருங்கல்லைக் குடைந்து கண்ணாடிபோல் மெருகேற்றிய குகைகள். பௌத்தரான அசோகர் அவற்றில் சிலவற்றைத் தன் சமயத்தாருக்குக் கொடுக்கவில்லை, ஆசீவகருக்குக் கொடுத்தார். பட்டமேற்ற பன்னிரண்டாம் ஆண்டு என்று கல்வெட்டு. பல நூற்றாண்டு கழித்து அனந்தவர்மன் என்ற சிற்றரசன் அங்கும் பக்கத்து நாகார்ஜுனிக் குன்றிலும் கிருஷ்ணன், சிவன், காத்யாயனி உருவங்களை வைத்தான். ஆசீவகர் வடக்கே மறைந்தார்கள். தமிழ்நாட்டில் பதினான்காம் நூற்றாண்டு வரை இருந்ததாக வரலாற்றாசிரியர் ஏ. எல். பாஷம் எழுதுகிறார். தோற்றுப்போன மூன்றாவது தரப்பும் இந்த வாக்குவாதத்தில் இருந்தது என்பதை நாம் மறந்தே போனோம்.

ஆகவே கடிதம் எழுதியவர்களுக்கு என் பதில்: ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை, ஒரே பதிலைச் சொல்லாதவை. அந்த வேறுபாட்டை மழுப்புவது இரண்டு தரப்புக்கும் செய்யும் அவமரியாதை.

மகாளய பட்சம் வருகிறது. கயா போகத் திட்டமிட்டிருக்கும் வாசகர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். சிராத்தம் முடிந்ததும் உடனே ரயிலுக்கு ஓடாதீர்கள். ஆட்டோ பிடித்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் புத்தகயா. கோயிலை மட்டும் பார்த்துத் திரும்பாமல் ஆற்றங்கரைக்கும் போய் வாருங்கள். காலில் தெம்பிருப்பவர்கள் பிரம்மயோனி மலையும் ஏறலாம்; படிகள் இருக்கின்றன, வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். பராபருக்கு ஒரு நாள் தனியாக ஒதுக்கி வண்டி பேசிக்கொள்ள வேண்டும். போய்வந்தவர்கள் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள்; என்னோடு முரண்படும் கடிதங்களுக்கு முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்